பழக்கத்தில் விளையும் காதல்: ‘ஜானே தூ... யா ஜானே நா’ படத்தை முன்வைத்து

எலியட்ஸ் கடற்கரையின் வடகோடியில், பெசன்ட் நகரின் ஓட்டு வீடுகளும் அடுக்கு மாடிகளும் முடிந்து, அடையாற்று முகத்துவாரத்தை நோக்கி மணல் விரியுமிடத்தில் ஊரூர் ஒல்காட் குப்பம் இருக்கிறது. பிரம்மஞான சபையை நிறுவியவர்களுள் ஒருவரான கர்னல் ஒல்காட்டின் பெயர் மீனவச் சிற்றூர் ஒன்றின் பெயரோடு ஒட்டிக்கொண்டது ஒரு தனிக்கதை. அக்குப்பத்தில், நமக்கு நெடுநாள் பழக்கமான ஒரு வீட்டில், 2008ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த ‘ஜானே தூ... யா ஜானே நா’ என்னும் இந்திப் படத்தை அண்மையில் மீண்டும் பார்க்க நேர்ந்தது. அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தி தெரியாது, பாடல்கள் தெரியும். படம் பாதி ஓடியிருக்கையில் கல்லூரியில் படிக்கும் பெண்ணொருத்தி ஒரு கேள்வி கேட்டாள்: “இவங்க இவ்வளவு நேரம் ஒண்ணா சுத்துறாங்களே, ஊர்ல யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?”

இக்கட்டுரை அக்கேள்வியிலிருந்து எழுந்தது. இத்தகைய இதழொன்றில் இந்திக் காதல் நகைச்சுவைப் படத்துக்கு என்ன இடம் என்று வாசகர் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். அவர்களிடம் நாம் வேண்டுவது சற்றுப் பொறுமை. இப்படம் கையாளும் பொருளை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஸ்பெயினின் ஃபகீஹ் ஒருவர் கையாண்டிருக்கிறார். அதுவும் இப்படத்தைவிடக் கூர்மையாக.

கதையை முதலில் சொல்லிவிடுவோம். மும்பையில் கல்லூரி முடித்து வெளிவரும் ஆறு நண்பர்களுள் ஜெய் சிங் ராத்தோடும் அதிதியும் பிரியாத இணையர். ஜெய் சாந்தன், அதிதி சட்டென்று பொங்குபவள். இருவரையும் அறிந்தோர் அனைவரும் இவர்கள் காதலர் என்றே எண்ணுகின்றனர். அதிதியின் பெற்றோர் ஜெய்யை அழைத்துத் திருமணம் பற்றிக் கேட்கும்போது இருவரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். நாங்கள் நண்பர்கள் மட்டுமே. வேண்டுமானால் ஒருவருக்கொருவர் தக்க துணையைத் தேடிக்கொடுக்கிறோம் என்கிறார்கள். ஜெய்யின் வாழ்வில் மேக்னா வருகிறாள். அதிதிக்குச் சுஷாந்துடன் நிச்சயமாகிறது. பிறகுதான் இருவருக்கும் தம் நெஞ்சு தெரியவருகிறது. இக்கதை முழுவதையும், பயணம் முடித்துத் திரும்பும் இருவரை வரவேற்க விமான நிலையத்தில் காத்திருக்கும் நண்பர் கூட்டம், இதில் நம்பிக்கையே இல்லாத மாலா என்னும் பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அப்பாஸ் டயர்வாலா எழுதி இயக்கிய முதல் படம் இது. தயாரிப்பு ஆமிர் கான், இசை ஏ. ஆர். ரஹ்மான், ஜெய்யாக ஆமிரின் மருமகன் இம்ரான் கான், அதிதியாக ஜெனிலியா.

ஜெனிலியாவின் பெயர் வந்ததால் இக்கதையின் தென்னகத்து மூதாதை ஒன்றையும் நினைவுகூர வேண்டும். மலையாள இயக்குநர் கமல் 1999இல் எடுத்த ‘நிறம்’, ஒரே நாளில் பிறந்து அண்டை வீட்டாராய் வளர்ந்த இருவரின் நட்பு காதலாவதைச் சொன்னது. மறு ஆண்டே அது தெலுங்கில் ‘நுவ்வே காவாலி’ ஆயிற்று. 2001இல் கமலே அதைத் தமிழில் ‘பிரியாத வரம் வேண்டும்’ என்று பிரசாந்தையும் ஷாலினியையும் வைத்து எடுத்தார். கன்னடத்தில் ‘நினகாகி’, 2003இல் இந்தியில் ‘துஜே மேரி கஸம்’. இவ்விந்திப் படத்தில்தான் ஜெனிலியா அறிமுகமானார். ஐந்தாண்டுகளில் ஐந்து மொழிகள். நண்பர்கள் மெல்லக் காதலராவது என்ற கருவுக்கு அக்காலத்து இளைஞரிடம் இருந்த பசியை இதிலிருந்து கணித்துக்கொள்ளலாம். ஆயினும் தென்னகத்துப் படங்களில் காதலைச் சொல்லத் தடையாக நிற்பது இரு குடும்பங்களின் நல்லுறவு. சொன்னால் அது உடைந்துவிடுமோ என்ற அச்சம். டயர்வாலாவின் படத்தில் அப்படி எந்தச் சுவரும் இல்லை. பெற்றோர் முன்வந்து கேட்கிறார்கள், பணத்தடை இல்லை, சாதித்தடை இல்லை, மதத்தடை இல்லை. தடையாக நிற்பது அறியாமை ஒன்றே. அவ்வறியாமையைத்தான் படத்தின் பெயரும் சுட்டுகிறது: நீ அறிவாயோ, அறியாயோ. ஒரு காதல் கதையிலிருந்து வெளித்தடைகளையெல்லாம் அகற்றிவிட்டு அகத்தடை ஒன்றை மட்டும் வைத்துப் பார்ப்பது துணிச்சலான காரியம். இப்படத்தை நாம் பொருட்படுத்துவதற்கு முதற்காரணம் அதுவே.

இனி நாம் முன்னர்க் குறிப்பிட்ட ஃபகீஹிடம் வருவோம். குர்துபாவில் பிறந்த இமாம் இப்னு ஹஸ்ம் (ஹிஜ்ரி 384–456, கி.பி. 994–1064) ளாஹிரி மத்ஹபின் பேரறிஞர்; ‘அல் முஹல்லா’ என்னும் பெரும் ஃபிக்ஹ் நூலின் ஆசிரியர். நூலின் சொல்லுக்கு அப்பால் ஓரடியும் நகர மறுத்த கடுமையான சட்டவியலாளர் என்றே அவரை நாம் அறிவோம். அவரே இளமையில், உள்நாட்டுப் போரால் குர்துபாவை விட்டு அகன்று ஷாத்திபாவில் தங்கியிருந்தபோது, நண்பர் ஒருவர் கேட்டதற்கிணங்கி ‘தவ்குல் ஹமாமா’ என்னும் நூலை எழுதினார். ‘புறாவின் கழுத்து வளையம்’ என்று பெயர்க்கலாம். காதலின் இயல்பு, அதன் அறிகுறிகள், தூது, பிரிவு, மரணம் என்று முப்பது இயல்கள். இந்நூல் இன்று நம் கைக்குக் கிட்டியிருப்பது லெய்டன் பல்கலைக்கழக நூலகத்தில் எஞ்சிய ஒரேயொரு கையெழுத்துப் படியால்தான். 1914இல் அங்கேதான் அச்சேறியது. இஸ்லாமிய அறிவுலகம் தன் செல்வங்களுள் எத்தனையை இப்படி ஒற்றை இழையில் தொங்கவிட்டிருக்கிறது என்பதை எண்ணும்போது அச்சமாக இருக்கிறது.

இந்நூலில் பார்த்த மாத்திரத்தில் காதல் கொள்வோர்க்கென ஓர் இயல் உண்டு. கவிஞர் ரமாதி குர்துபாவின் நறுமணப் பொருள் வணிகர் வாயிலில் ஒரு பெண்ணைக் காண்கிறார், மனம் பறிபோகிறது, பாலம் கடந்து பின்தொடர்கிறார், சில சொற்கள் பேசுகிறார்கள், பின்னர் எத்தனை முறை அவ்வாயிலுக்குச் சென்று காத்திருந்தும் அவளைக் காணவே முடியவில்லை. இக்கதையை இப்னு ஹஸ்ம் பரிவோடுதான் சொல்கிறார். ஆனால் அடுத்து, நெடும் பழக்கத்திற்குப் பின்னரே காதல் கொள்வோரைப் பற்றிய இயலில், தாம் அவ்வகையினரே என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். நீண்ட காலம் உடனிருந்து பேசிச் சிரித்துக் கழித்த பின்னரன்றித் தம் நெஞ்சில் எந்த அன்பும் வேர்விட்டதில்லை என்கிறார். கண்டவுடன் காதல் என்பாரின் கூற்றை நம்பத் தமக்கு மனம் ஒப்பவில்லை, அது வேட்கையின் ஒரு வகையாகவே தோன்றுகிறது என்றும் சொல்கிறார். அரிதில் நுழைவது அரிதிலேயே வெளியேறும் என்பது அவருடைய கணக்கு.

இவ்வளவு உறுதியோடு அவர் பேசுவதற்கு அவருடைய வளர்ப்பும் ஒரு காரணம். அமைச்சரான தந்தையின் மாளிகையில் பெண்களிடையே வளர்ந்தவர் அவர். குர்ஆனையும் கவிதையையும் எழுத்துக்கலையையும் அவருக்குக் கற்பித்தவர்கள் அம்மாதர்களே. இதை அவரே அந்நூலில் பதிவு செய்திருக்கிறார். ஆண் பெண் பழக்கத்தின் எல்லைகளைப் பிற்காலத்தில் சட்ட நூலில் வரைந்த கை, அப்பழக்கத்தின் மென்மையை முன்னரே அறிந்திருந்தது.

தமிழ் மரபோ பெரும்பாலும் ரமாதியின் பக்கம். களவியலின் முதற்படி காட்சி. ஊழ் கூட்டுவிக்க, ஒத்த தலைவனும் தலைவியும் எதிர்ப்படுகின்றனர். எல்லாம் அந்நொடியிலேயே முடிந்துவிடுகிறது. பிறகு நிகழ்வன அனைத்தும் அதன் விளைவுகள். நட்பிலும் நம்மவர் உச்சமாகப் போற்றுவது பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் பழகாமலே கொண்ட நட்பைத்தான். ஆயினும் மொழி வேறொன்றை அறிந்திருக்கிறது. ‘பழகு’ என்ற வினை ‘பழ’ என்னும் வேரோடு நிற்பது; உறவு பழையதாவதே பழக்கம். திருவள்ளுவர் நட்பதிகாரங்களின் வரிசையில் ‘பழைமை’ என்றே ஓர் அதிகாரம் வைத்தார். அரபியில் ‘உன்ஸ்’ என்றால் பழகிய இணக்கம், அச்சமற்ற நெருக்கம். ‘இன்ஸான்’ என்ற சொல் இதிலிருந்து பிறந்தது என்பார் சிலர். மறதி என்னும் பொருளுடைய ‘நிஸ்யான்’ என்பதிலிருந்து பிறந்தது என்பார் வேறு சிலர். ஜெய்யையும் அதிதியையும் பொறுத்தவரை இரு சாராரும் சரியே.

படத்தின் சிறந்த பகுதிகள் இவ்வுன்ஸைக் காட்டும் பகுதிகள். ஒருவர் தொடங்கிய வாக்கியத்தை மற்றவர் முடிப்பது, சண்டைக்குப் பின் மன்னிப்புக் கேட்காமலே சமாதானமாவது, கூட்டத்தின் நடுவே இருவருக்கு மட்டும் புரியும் பார்வை ஆகியவற்றை டயர்வாலா மிகையின்றி எழுதியிருக்கிறார். துயருற்ற தோழியைத் தேற்றும் ‘கபீ கபீ அதிதி’ பாடலை ரஷீத் அலியின் பயிற்சி மிகாத குரலில் ரஹ்மான் பாடவைத்ததும் இதன்பாற்பட்டது. அப்பாடல் நண்பன் பாடும் பாடல், காதலன் பாடுவதன்று. கித்தாரோடு அறையில் உட்கார்ந்து முணுமுணுப்பதுபோல் ஒலிப்பதே அதன் வெற்றி. கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடத்தைத் தன் வீடாகக் கொண்ட இசையமைப்பாளர் மும்பை இளைஞரின் பேச்சோசையை இவ்வளவு நெருங்கிக் கேட்டிருக்கிறார்.

குறை எங்கே தொடங்குகிறதென்றால், அறியாமையிலிருந்து அறிவுக்குச் செல்லும் வழியில். ஜெய்யும் அதிதியும் தம் காதலை அறிவது பொறாமையினால். மேக்னாவோடு ஜெய் ஆடும்போது அதிதிக்கு நெஞ்சு சுடுகிறது. சுஷாந்தின் அருகில் அதிதி நிற்கும்போது ஜெய்க்குச் சுடுகிறது. இழக்கப்போகிறோம் என்ற அச்சமே இங்கு அறிவின் வாயில். ‘கைரத்’ எனப்படும் இவ்வுணர்வு காதலுக்குப் புறம்பானதன்று. இப்னு ஹஸ்மும் அதை அறிவார். ஆனால் பழக்கத்திலிருந்து அன்பு தானே கனிவதை அவர் விரித்துக் காட்டுமிடத்தில், இப்படமோ அக்கனிவை வெளியிலிருந்து வந்த இருவரின் கையில் ஒப்படைத்துவிடுகிறது. அதன் விளைவாக அவ்விருவரும் மனிதர்களாக இல்லாமல் கருவிகளாகிவிடுகிறார்கள். சுஷாந்த் அதிதியை அறையும் நொடியில் கதாசிரியரின் சிக்கல் தீர்ந்துவிடுகிறது: அவன் கெட்டவன், எனவே விலக்கப்படலாம். அவன் நல்லவனாக இருந்திருந்தால் படம் என்ன செய்திருக்கும்? அக்கேள்வியைச் சந்திக்கப் படத்துக்குத் துணிவில்லை.

மேக்னாவின் பகுதி இதற்கு விலக்கு. எந்தப் பொருளைக் கண்டாலும் ‘இது என்ன?’ என்று கேட்டு, அதற்கொரு கற்பனைப் பதில் சொல்லி விளையாடுபவள் அவள். முதலில் அது அழகாக இருக்கிறது. பின்னர், ஓயாது சண்டையிடும் பெற்றோரின் வீட்டை ஜெய் காணும்போது, அவ்விளையாட்டு ஓர் ஒளிவிடம் என்பது அவனுக்கும் நமக்கும் ஒருங்கே விளங்குகிறது. அவளை அவன் விட்டு நீங்குவதில் ஒரு கொடுமை இருப்பதைப் படமே உணர்ந்திருக்கிறது. அதிதியின் தம்பி அமித்தும் அவ்வாறே. பிரத்தீக் பப்பர் நடித்த அந்த ஓவியன், தமக்கையை நண்பன் ஒருவன் எடுத்துக்கொண்டதால் தனித்துப்போன தம்பி. நட்பு கூட்டும் வட்டத்துக்கு வெளியே யாரோ ஒருவர் எப்போதும் நிற்கிறார் என்பதை அறிந்தவன் அவன் ஒருவனே. ஆகவே அக்காள் தன்னையே அறியாதிருக்கும்போது அவளை அறிபவனாகவும் அவனே இருக்கிறான். அகத்திணையில் தோழி ஏற்கும் பணி இங்கே தம்பிக்கு வாய்த்திருக்கிறது.

ஜெய்யின் குலக்கதை பற்றியும் சொல்ல வேண்டும். ராத்தோடு குலத்து ஆண்மகன் மூன்று நிபந்தனைகளை நிறைவேற்றியாக வேண்டுமாம்: ஒருவனை அடிக்க வேண்டும், சிறை செல்ல வேண்டும், குதிரை ஏற வேண்டும். கணவனை வன்முறையில் இழந்த தாய் சாவித்திரி இதை மறைத்து மகனை அகிம்சையில் வளர்க்கிறாள். இது நல்ல நகைச்சுவை. ஆனால் முடிவில் ஜெய் என்ன செய்கிறான்? அடிக்கிறான், கம்பிகளுக்குப் பின் நிற்கிறான், குதிரையேறி விமான நிலையம் விரைகிறான். ஆண்மை பற்றிய அக்குலக் கற்பனையைப் படம் கேலி செய்துவிட்டு, அது கேட்ட கப்பத்தை ஒரு காசு குறையாமல் கட்டியும் விடுகிறது. இருபதாண்டுகளாக ஒரு தாய் தந்த கல்வி மூன்றே காட்சிகளில் தோற்றுப்போகிறது, அரங்கம் கைதட்டுகிறது. 2003இல் ‘முன்னாபாய் எம்.பி.பி.எஸ்.’ படத்துக்கு உரையாடல் எழுதி, அடியாள் ஒருவனை அணைப்பால் நோயாளிகளைத் தேற்ற வைத்தவர் இதே டயர்வாலா என்பதால் நம் ஏமாற்றம் மிகுதி.

ஓர் இடைக்குறிப்பு. எழுதி இயக்கியவர், தயாரித்தவர், நாயகனாக நடித்தவர், இசையமைத்தவர் என்று இப்படத்தின் பின்னால் முஸ்லிம் பெயர்கள் நிறைந்திருக்கின்றன. கதையின் நடுவே நிற்கும் அறுவர் குழுவிலோ அப்படி ஒரு பெயர் இல்லை. இதைக் குற்றச்சாட்டாக வைக்கவில்லை. தடைகளே இல்லாத ஒரு மும்பையைக் கற்பனை செய்ய முனைந்த கலைஞர், தம் சமூகத்தவன் ஒருவனை அங்கே நுழைத்தால் அக்கற்பனை கலைந்துவிடும் என்று அஞ்சியிருக்கலாம் என்பது நம் ஊகம் மட்டுமே. அதே 2008இல், அதே ரஹ்மானின் இசையில், பிப்ரவரியில் வெளிவந்த ‘ஜோதா அக்பர்’ எதிர்த்திசையிலிருந்து வந்தது. அங்கே மதம் நடுக்கூடத்தில் நிற்கிறது. நிகாஹ் முதலில், அன்பு பின்னர். முன்பின் பழகாத இருவர் மணந்து, மணந்தபின் நண்பராகி, நண்பரானபின் காதலிக்கிறார்கள். இரண்டிலும் ராஜபுத்திர மரபு வருகிறது. இரண்டிலும் அன்பு மெல்ல வருகிறது. வரலாற்றுப் பிழைகள் ஒருபுறம் இருக்க, காத்திருத்தல் என்பதை ‘ஜோதா அக்பர்’ கூடுதலாகப் புரிந்துகொண்டிருக்கிறது என்பதே நம் தீர்ப்பு. அங்கே பேரரசனுக்கு உரிமை இருந்தும் அவன் காத்திருக்கிறான்.

குப்பத்துப் பெண்ணின் கேள்விக்குத் திரும்புவோம். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்களா? ஜெய்யையும் அதிதியையும் யாரும் கேட்கவில்லை. காரணம், அவர்களுக்குக் கார் இருக்கிறது, உணவகம் இருக்கிறது, தனியறை இருக்கிறது. மெல்லக் காதலிப்பதற்குக் காலமும் இடமும் வேண்டும். அவை இரண்டும் விலைக்கு விற்கும் பொருள்கள். எலியட்ஸ் கடற்கரையில், கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னத்தின் நிழலில், மாலைதோறும் ஆணும் பெண்ணுமாய்க் கல்லூரி மாணவர் குழுக்கள் அமர்ந்து பேசுகின்றன. அதே மணலில் சில நூறு அடி நடந்தால் வலை காயும் குப்பம். அங்கே ஒரு பையன் ஒரு பெண்ணிடம் பத்து நிமிடம் நின்று பேசினால் இரவுக்குள் தெருவே அறியும். 2015இல் தொடங்கிய ஊரூர் ஒல்காட் குப்பம் விழா கர்நாடக இசையையும் பரதத்தையும் அத்தெருவுக்குள் கொண்டுவந்தபோது, பெசன்ட் நகரத்தார் பலர் அங்கே முதன்முறையாகக் கால்வைத்தனர். எதிர்த்திசையில், குப்பத்துப் பிள்ளைகளுக்குப் பெசன்ட் நகரின் ஓய்வு நேரம் கிட்டியதா என்பது வேறு செய்தி.

நம் சமூகத்து வீடுகளின் நிலையும் குப்பத்தின் நிலையோடு நெருக்கமானதே. தனித்திருத்தலை, அதாவது ‘கல்வத்’தை, மார்க்கம் தடுக்கிறது, அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஜெய்யும் அதிதியும் வாழும் முறையை முன்மாதிரியாக எவர்க்கும் நாம் பரிந்துரைக்கவும் இல்லை. ஆனால் தடையின் பெயரால் நாம் எதையெதை விலக்கியிருக்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பெண் பேசி முடித்த முகீரா இப்னு ஷுஃபா (ரலி) அவர்களிடம், அப்பெண்ணைப் பார்த்துக்கொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். இருவரிடையே இணக்கம் உண்டாக அது ஏற்றது என்பதே அதற்குச் சொன்ன காரணம். அன்னை கதீஜா (ரலி) அவர்கள், தம் வணிகப் பொறுப்பை ஏற்றுச் ஷாமுக்குச் சென்று திரும்பியவரின் நேர்மையை அறிந்த பின்னரே தோழி நஃபீஸா வழியாகத் திருமணப் பேச்சைத் தொடங்கினார்கள். குணத்தை அறிதல் முன்னே நிற்கிறது. அர்ரூம் அத்தியாயத்தின் 21ஆம் வசனம் இல்லறத்தைப் பேசுமிடத்தில் அமைதி, நேசம், இரக்கம் என்பவற்றையே பேசுகிறது. பழகிய இருவரிடையே ஊறுபவை இவை. நம் வீடுகளிலோ, மணமகன் ஒரு புகைப்படத்தைப் பார்த்தான், பெண்ணுக்கு அதுவும் கிட்டவில்லை என்ற நிலை இன்னும் பல இடங்களில் தொடர்கிறது. அரைமணி நேரம், பெரியவர் முன்னிலையில், ஒரு கூடத்தில் இருவர் பேசினால் மானம் போய்விடும் என்கிறோம். இந்த அச்சத்துக்கு ஃபிக்ஹில் ஆதாரம் தேடினால் கிட்டாது, தெருவில்தான் கிட்டும். அப்பெண் கேட்டதும் தெருவைப் பற்றித்தானே!

மிஸ்கவைஹி (இறப்பு ஹிஜ்ரி 421) ‘தஹ்தீபுல் அக்லாக்’கில் அன்பின் வகைகளைப் பிரிக்கும்போது, எது விரைவில் கூடுகிறது, எது விரைவில் கலைகிறது என்பதையே அளவுகோலாகக் கொள்கிறார். இன்பத்தால் கூடுவது விரைவில் கூடி விரைவில் கலையும். பயனால் கூடுவது மெல்லக் கூடி விரைவில் கலையும். நன்மையால் கூடுவது விரைவில் கூடி மெல்லக் கலையும். இவையெல்லாம் கலந்ததோ மெல்லக் கூடி மெல்லவே கலையும். இல்லறம் என நாம் அறிந்தது பெரும்பாலும் இந்நான்காம் வகை.

அவ்வகைக்குப் படத்திலேயே எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அது ஜெய்யும் அதிதியும் அல்லர். சாவித்திரியாக வரும் ரத்னா பாடக் ஷாவும், சுவரில் மாட்டிய படத்துக்குள்ளிருந்து அவரோடு வழக்காடும் இறந்த கணவராக வரும் நசீருத்தீன் ஷாவும்தான். மகனை வளர்த்த முறை பற்றி, குலப்பெருமை பற்றி, வீரம் பற்றி அவர்கள் ஓயாமல் சண்டையிடுகிறார்கள். அவர் மீசையை முறுக்குகிறார், அவள் வாயடைக்கிறாள். திரைக்கு வெளியே 1982இல் மணந்த தம்பதியர் இவர்கள் என்பதால் அந்தச் சொல்லாடலில் நடிப்புக்கு மேற்பட்ட ஒரு பழக்கம் இழைந்திருக்கிறது. நண்பர்கள் காதலராவதை இரண்டரை மணி நேரம் சொன்ன படம், கணவனும் மனைவியும் நண்பராகவே இருந்து, சாவுக்குப் பின்னும் அதை விடாதிருப்பதைச் சில நிமிடங்களில் சொல்லிவிடுகிறது. படத்தில் நாம் திரும்பத் திரும்பப் பார்க்க விரும்பும் காட்சிகள் இவையே.

குப்பத்து வீட்டில் நம்மோடு படம் பார்த்தவர்களுள் அவ்வீட்டு மூதாட்டியும் ஒருவர். மீன் விற்றே பிள்ளைகளை ஆளாக்கியவர். மொழியும் புரியாமல், கதையும் பிடிபடாமல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அச்சுவர்ப் படம் பேசத் தொடங்கியபோதுதான் நிமிர்ந்தார். தம் வீட்டுச் சுவரில், சிறு விளக்கு எரியும் கணவரின் படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இந்தம்மாவுக்கு அவரு பதிலு சொல்றாரு. எங்கூட்டுக்காரரு உசுரோட இருக்கும்போதே வாயத் தொறக்க மாட்டாரு.”